சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கு

போன வருஷம் தசரா விடுமுறை முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. ஆனேக்கல்லைத் தாண்டி, காட்டை ஒட்டியிருக்கும் ஒரு தனியார் குளத்துக்கு மீன் பிடிக்கப் போயிருந்தோம். பெங்களூரைச் சுற்றி இப்போது இப்படிப்பட்ட இடங்கள் நிறைய வந்துவிட்டன. கட்டணம் கட்டிவிட்டு நாள் முழுக்கத் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மாட்டுகிற மீனை எடைபோட்டு வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் தண்ணீரிலேயே விட்டுவிடலாம். அங்கே ஒரு குரங்கு என்னைப் படுத்திய பாடு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. வீடியோவே இருக்கிறது. கல்யாணமோ காதுகுத்தோ, யாராவது ஒருவர் அந்தக் குரங்கு வீடியோவைப் போடச் சொல்லிக் கேட்காமல் இருப்பதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். வீடியோவில் இல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதலாமா, கூடாதா என்று வெகுநாள் யோசித்தேன். யாருடைய பெயரும் போடப்போவதில்லை என்பதால் துணிந்தேன். இப்போதும் முழுத் துணிச்சல் இல்லை.

நாங்கள் இருப்பது தொம்மலூரில். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கணவருக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. நானும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான், மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. கொஞ்சம் விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு வீசிங் இருக்கிறது. இந்த ஊர்க் குளிருக்கும் தூசிக்கும் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், ஒழுங்காக மருந்து கொடுத்தால் பயமில்லை என்றார் டாக்டர். மூச்சு இழுக்கும்போது கொடுக்க ஒரு நீல நிற இன்ஹேலர், அதைப் பொருத்தி முகத்தில் வைப்பதற்கு முகமூடியோடு ஒரு பிளாஸ்டிக் குழல். ஸ்பேஸர் என்பார்கள். எங்கே போனாலும் இரண்டும் கையோடு இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சொன்னதை அப்படியே செய்கிற சுபாவம் எனக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன்.

என் மாமியார் இன்ஹேலரை "அந்த பம்ப்" என்பார். பம்ப் ஒருமுறை பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாது என்று அவருக்கு ஒரு பயம். பெண் குழந்தைக்கு இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரிந்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய பயம். ஒரு நிச்சயதார்த்தத்தில், ஊதுபத்திப் புகையில் மகளுக்கு இழுக்க ஆரம்பித்தது. நான் குழலை எடுத்து அவள் முகத்தில் வைத்தேன். மாமியார் பக்கத்தில் வந்து தன் முந்தானையை விரித்து எங்கள் இரண்டு பேரையும் மறைத்துக்கொண்டார். நாளைக்கு இவளுக்கும் மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா என்று என் காதோடு கேட்டார். அப்போது மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இது கிடையாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாக்கியம். என் அப்பாவுக்கு ஒரு காலத்தில் இருமல் இருந்தது. ஆகவே இது என் பக்கத்திலிருந்து வந்தது என்று அங்கே முடிவாகிவிட்டது. கணவர் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்று மறுத்ததும் இல்லை. நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, சிரித்துக்கொண்டே சொல்வார், நான் பயந்து பயந்தே குழந்தையை நோயாளி ஆக்கிவிடுவேன் என்று. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரும் அவர் கணவரும் பெங்களூரிலேயே வேறு பக்கம் இருக்கிறார்கள். குழந்தை இல்லை. என் மகள் மீது உயிர்.

அந்த மீன்பிடி யோசனையே அண்ணியின் கணவருடையது. ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் வாளியை வைத்து எறிந்து பழகிக்கொண்டிருந்தார். அவருடைய ஆசைக்காகத்தான் நாங்கள் எல்லாரும் கிளம்பினோம்.

அன்றைக்குக் காலையில் மகளுக்கு லேசான இருமல். போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டேன். கணவர் என் பையைத் திறந்து பார்த்தார். தெர்மாமீட்டர், சிரப், துண்டு, மாற்று உடுப்பு, இன்ஹேலர், குழல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் அதில் இருந்தன.

"மீன் பிடிக்கப் போறோமா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறோமா?" என்றார். கோபமாக அல்ல, அலுப்பாக. "அக்கா முன்னாடி இதெல்லாம் எடுக்காத. ஒரு நாளாவது நிம்மதியா இருந்துட்டு வருவோம்."

நான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். இன்ஹேலரையும் குழலையும் மட்டும் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. சமையலறையில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிய பெரிய பாக்கெட் ஒன்று காலியாகும் தறுவாயில் இருந்தது. இரண்டையும் சுத்தமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரைச் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே மிச்சமிருந்த சிப்ஸைப் பரப்பி, வாயை மடித்துத் துணி கிளிப்பைப் போட்டேன். யார் பார்த்தாலும் சிப்ஸ். அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க வேண்டும் என்பதால் பையின் வெளிப்பக்க உறையில் செருகினேன், பாதி வெளியே தெரியும்படி. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு காரில் ஏறினேன்.

குளத்தின் வாசலில் சீட்டு கிழித்தவர் எங்களைப் பார்த்ததும் கன்னடத்தில், "கோத்திகளு இவே, பேக் ஜோப்பான மேடம்" என்றார். குரங்குகள் இருக்கின்றன, பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இடம் அழகாகத்தான் இருந்தது. கரையோரம் தகரக் கூரை போட்ட சின்னச் சின்னக் குடில்கள், மறுபக்கம் தைல மரங்கள், அதற்கப்பால் காடு. அண்ணியின் கணவர் கோதுமை மாவில் மஞ்சள்தூளைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தூண்டில் முள்ளில் குத்தினார். முதல் எறிதலில் முள் அவருடைய தொப்பியையே கவ்விக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். அண்ணி அன்றைக்கு முதல் வீடியோவை அப்போது எடுத்தார். தொப்பி ஊறிப்போய் வந்தது. அதற்குப் பிறகு மாவு உருண்டைகளை மீன்கள் சுற்றிலும் கொறித்துவிட்டுப் போயின, ஒன்றும் மாட்டவில்லை. பக்கத்துக் குடிலில் இருந்த கூட்டம் கரி அடுப்பைப் பற்றவைத்து மீன் சுட ஆரம்பித்தது. புகை எங்கள் பக்கம் வந்தது. நான் மகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தேன். அவள் மறுபடி ஓடிவந்தாள். மறுபடி தள்ளி உட்காரவைத்தேன். அண்ணி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்பதால், மூன்றாவது முறை அவள் ஓடிவந்தபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

புளிசாதம் பரிமாறத்தான் பையைக் கீழே வைத்தேன். கரண்டியை எடுத்து நிமிர்வதற்குள் அது நடந்துவிட்டது. கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. புளிசாதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையின் வெளிப்பக்க உறையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை உருவிக்கொண்டு, பின்னங்கால்களில் நாலு எட்டு நடந்து, அப்புறம் ஓடியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதுதான் வீடியோவின் சிறப்பு. "சிப்ஸு! என் சிப்ஸு!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறேன். மருந்து என்று ஏன் கத்தவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அண்ணியின் கணவர் நிற்கிறார், பக்கத்துக் குடிலில் முன்பின் தெரியாதவர்கள் நிற்கிறார்கள், கொண்டுவராதே என்று கணவர் சொன்னதைக் கொண்டுவந்திருக்கிறேன். இவ்வளவும் அந்த ஒரு கணத்துக்குள் எப்படி மனசுக்குள் ஓடியதென்று தெரியவில்லை. வாய் தானாகவே சிப்ஸ் என்றது.

செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது குளத்தில் விழுந்தது. கரைச் சேற்றில் கால் வழுக்கி, சேலையோடு தொப்பென்று உட்கார்ந்தேன். பக்கத்துக் குடில்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "விட்டுடு தங்கச்சி, வேற வாங்கித் தரேன்" என்று அண்ணியின் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், அதுவும் பதிவாகியிருக்கிறது. குரங்கு ஒரு சின்ன மரத்தில் ஏறி, கிளிப்பைப் பிடுங்கி எறிந்து, சிப்ஸை அள்ளி அள்ளி வாயில் போட்டது. பிறகு கவரைக் கிழித்தது. குழலை எடுத்து முகமூடிப் பக்கமாக உற்றுப் பார்த்து, அதைத் தன் மூஞ்சியிலேயே வைத்தது. யாராக இருந்தாலும் சிரிக்காமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பிடிக்காமல் அதைத் தண்ணீரில் வீசிவிட்டு இன்ஹேலரை எடுத்துக் கடித்தது. புஸ்ஸென்று மருந்து பீய்ச்சியது. குரங்கு ஒரு முழம் எகிறிக் குதித்து, ஆனாலும் கையிலிருந்ததை விடாமல், கிளை கிளையாகத் தாவித் தைல மரங்களுக்குள் போய்விட்டது.

வீடியோ அந்த இடத்தில் முடிகிறது.

கணவரின் சிரிப்பு நின்றதை நான் பார்த்தேன். அவர் அந்த நீல நிறத்தை அடையாளம் கண்டுகொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரங்களை நோக்கி ஓடினார். என்ன ஏது என்று தெரியாமலே அண்ணியின் கணவரும் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். குளத்து ஆட்கள் இரண்டு பேரும் கூடவே போனார்கள்.

நான் சேற்றிலிருந்து எழுந்து திரும்பியபோது மகள் அழுதுகொண்டு நின்றாள். நான் விழுந்ததைப் பார்த்துப் பயந்து, என்னிடம் ஓடிவந்து, பாதியிலேயே நின்றிருந்தாள். அழுகை சத்தமாக வரவில்லை. மூச்சு இழுக்கிறது, அழுகை வருகிறது, நடுவில் இருமல். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அடையாளம் அது. அப்படி இருந்தால் காத்திருக்கக் கூடாது.

அவளைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். கார் சாவி கணவரிடம் இருந்தது. அவர் காட்டுப் பக்கம் எங்கோ இருந்தார். போன் செய்தேன், சிக்னல் இல்லை. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம், ஒன்றும் தெரியாது. ஆனேக்கல்லுக்குத் திரும்பிப் போவதென்றாலும் அந்தக் குண்டும் குழியுமான மண்பாதையைத் தாண்ட வேண்டும். மகளின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. "அம்மா, காத்து" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

பின்னாலேயே வந்த அண்ணி மகளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போனை இடுப்பில் செருகினார். அவர்களுடைய காரும் அங்கேதான் நின்றது. சாவி அண்ணியிடம் இருந்தது, ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. அதன் பின்கதவைத் திறந்து, "உள்ள ஏறு" என்றார். நாங்கள் உட்கார்ந்ததும் அவரும் ஏறிக் கதவை மூடி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெளியே ஒருமுறை பார்த்தார். கைப்பையின் அடியில் முகம் துடைக்கிற ஈரத்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. அதற்குள் விரலை விட்டு ஒரு நீல நிற இன்ஹேலரை எடுத்து என் கையில் வைத்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குரங்கிடமிருந்து இவருக்கு எப்படி வந்தது என்றுகூட ஒரு விநாடி நினைத்தேன். மருந்துக்கடை ஒட்டியிருந்த சீட்டு நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. அந்த நேரத்திலும் நான் காலாவதித் தேதியைத் தேடினேன். "தேதியெல்லாம் இருக்கு, குடு" என்றார் அண்ணி.

குழல் குளத்தில் மிதந்துகொண்டிருந்தது. குழல் இல்லாவிட்டால் பேப்பர் கப்பை வைத்துச் சமாளிக்கலாம் என்று டாக்டர் ஒருமுறை செய்தே காட்டியிருந்தார். அண்ணியின் காரில் டீ குடிக்கிற கப்புகள் கட்டாக இருந்தன. ஒன்றின் அடியில் பேனாவால் ஓட்டை போட்டு இன்ஹேலரின் வாயைச் செருகி, கப்பை மகளின் மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி வைத்தேன். அழுத்தினேன். மெதுவாக இழுக்கச் சொன்னேன். மறுபடி அழுத்தினேன். அண்ணி என் மகளின் முதுகை மேலிருந்து கீழாக ஒரே சீராக நீவிக்கொண்டிருந்தார். எப்படி நீவ வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் விலாவில் அந்தக் குழி விழுவது குறைந்தது. உதட்டில் ரத்தம் திரும்பியது. மகள் என் மேல் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"காலேஜ் படிக்கிறப்பவே வந்துடுச்சு எனக்கு" என்றார். "பொண்ணு பாக்க வந்தப்ப அம்மா சொல்ல வேணாம்னாங்க. அப்புறம் எப்பிடிச் சொல்றது? இவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது. குழந்தை இல்லாததுக்கே அவங்க வீட்ல பேசுற பேச்சு உனக்குத் தெரியும். இதுவும் தெரிஞ்சா..." ஈரத்தாள் பொட்டலத்தின் வாயை மடித்தார். "நீயும் சொல்லிடாதம்மா."

சரி என்று தலையாட்டினேன். என் குழந்தை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

ஆண்கள் வேர்த்து விறுவிறுத்து வெறுங்கையோடு வந்தார்கள். அண்ணி காரிலிருந்து இறங்கி, குரங்கு திரும்ப இந்தப் பக்கமாக வந்து மருந்தைக் கீழே போட்டுவிட்டுப் போனதாகவும், தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்ததாகவும் சொன்னார். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. கணவர் என் கையிலிருந்து இன்ஹேலரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. என் கணவருக்குத் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் தொழில், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார். "நல்ல குரங்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அண்ணியின் கணவர் கரையில் நின்று தூண்டிலை வீசி வீசி, மிதந்துகொண்டிருந்த குழலை மாட்டி இழுத்தார். "இன்னிக்கு நான் புடிச்ச ஒரே மீனு" என்று தூக்கிக் காட்டினார். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும் என்றேன். அதுதான் சரியாகிவிட்டதே என்றார் கணவர். நான் பிடிவாதமாக நின்றதால் ஆனேக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெபுலைசர் வைத்தார்கள். இளவயது டாக்டர், பெண். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். நேரத்துக்கு மருந்து கொடுத்தது நல்லதாகப் போயிற்று என்றார். எழுதிக்கொண்டே, குடும்பத்தில் வேறு யாருக்காவது வீசிங் உண்டா என்று கேட்டார்.

"எங்க சைடுல யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார் கணவர்.

அண்ணி என் மகளின் காலடியில் குனிந்து, ஒட்டியிருந்த ஷூவின் பட்டையைப் பிரித்து ஒட்டினார். மறுபடி பிரித்து ஒட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எங்க அப்பாவுக்கு இருமல் உண்டு" என்றேன்.

அப்பாவின் இருமல் பீடியால் வந்தது என்று எனக்குத் தெரியும். பீடியை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிட்டது. ஆனாலும் அப்படிச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். கீழே மருந்துக்கடையில் புதிதாக ஒரு இன்ஹேலர் வாங்கிய பிறகு, மகளின் ஸ்வெட்டரைக் கொடுப்பது போல், அதற்குள் மறைத்து அண்ணியின் கையில் அவருடையதைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வீடியோ குடும்ப குரூப்பில் வந்திருந்தது. போட்டது அண்ணிதான். தொப்பி, செருப்பு, நான் சேற்றில் விழுவது, முகமூடி போட்ட குரங்கு. கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். மாமியார் போன் செய்து, மருந்தைச் சிப்ஸ் பாக்கெட்டில் வைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று சொல்லி மூச்சுமுட்டச் சிரித்தார். சிரித்து முடித்ததும், உங்கள் அப்பா ஒரு நல்ல டாக்டரைப் பார்த்திருந்தால் குழந்தைக்கு இது வந்திருக்காது என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். தன் மகளைப் பெண் பார்க்க வந்தபோது நோயைச் சொல்ல வேண்டாம் என்றவரே அவர்தானே. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ம் கொட்டினேன்.

சில நாள் கழித்து கணவரிடம் கேட்டேன், அண்ணிக்குச் சின்ன வயதில் மூச்சுத்திணறல் ஏதாவது உண்டா என்று. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், சளி பிடிக்கும், எல்லாருக்கும்தான் பிடிக்கும், ஏன் என்றார். சும்மா கேட்டேன் என்றேன். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும், வேண்டாம் என்று மறுநாள் தோன்றும்.

அண்ணி மீது எனக்குக் கோபமா, நன்றியா? இரண்டும்தான். அவர் அந்தப் பொட்டலத்துக்குள் கை விடாமல் இருந்திருந்தால் என் மகள் இன்றைக்கு இல்லாமல் போயிருக்கலாம். அதே அவர்தான், இத்தனை வருஷமும் என் அப்பாவின் மேல் பழி விழும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர். மீன் பிடிக்கப் போன அடுத்த வாரம் தனியாகக் கூப்பிட்டு, "உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க எங்க வீடு குடுத்து வெச்சிருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு வளைகாப்பில் நாலு பெண்களைக் கூட்டிவைத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிரிப்பு பந்தி வரைக்கும் கேட்டது. அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கதை சிரிப்பாகவே இருக்கிற வரைக்கும், காருக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. புரிகிறது என்பதால் கசப்பு குறைந்துவிடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் ஒரு பிறந்தநாள் விழா. பலூன், கேக், பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். திடீரென்று பார்த்தால் மகளைக் காணவில்லை. ஹாலில் இல்லை, பால்கனியில் இல்லை. கடைசியில் அவர்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். கதவுக்கும் அலமாரிக்கும் இடையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என் பையிலிருந்து இன்ஹேலரையும் குழலையும் தானே எடுத்து வந்து, தானே குலுக்கி, முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் செய்தாள். மூச்சை அடக்கி, மனசுக்குள் எண்ணி, மெதுவாக விட்டாள். அதுவரைக்கும் நான் குறுக்கே பேசவில்லை.

அப்புறம் மண்டிபோட்டு உட்கார்ந்து, அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை, ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டேன். திட்டுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை என்று தெரிந்ததும், தெரிந்த பாடத்தை ஒப்பிப்பது போல் சொன்னாள்.

"கதவ மூடிட்டுத்தானேம்மா போடணும்?"

யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டி சொல்லவில்லை, அத்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. மூடியைக் கழற்றுவது போல அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மூச்சு இழுத்தால் இவள் முதலில் தேடுவது டீச்சரை அல்ல, மூடுவதற்கு ஒரு கதவை என்று அப்போது தோன்றியது.

அவள் கையைப் பிடித்து ஹாலுக்குக் கூட்டிவந்தேன். எல்லாருக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டாவது தடவை மருந்தை அங்கேயே போடச் சொன்னேன். கேக் வெட்டக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் போனைப் பார்ப்பது போல் தலையைக் குனிந்துகொண்டார். என் காது சுட்டது. செய்தது சரியா, குழந்தையைக் கூட்டத்தில் காட்சிப்பொருளாக்கிவிட்டேனா என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணியின் ரகசியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவின் மேல் நானே எழுதவைத்த பொய்யையும் அழிக்கவில்லை. குலுக்கு, மூடியை எடு, மெதுவாக இழு என்று டாக்டர் சொல்லிக்கொடுத்த வரிசையில் நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கதவையும் சேர்த்துவிட்டோம், அதை அவள் மனதிலிருந்து எடுப்பதற்குள் என் மகள் எவ்வளவு வளர்ந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.